கடலோரப் பள்ளிக்குப் புதுசு: நான் எதைப் படிக்கணும், பிள்ளைகளுக்கு எதைக் கொடுக்கணும்?

மண்டபம் பக்கத்து வாத்தியார்:

எல்லாருக்கும் வணக்கம். நான் கமுதிப் பக்கம், கரிசல்காட்டுக்காரன். இந்த ஜூனில் மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் இடையில் உள்ள ஒரு தொடக்கப் பள்ளிக்கு வந்திருக்கிறேன். ஈராசிரியர் பள்ளி. ஒன்று முதல் மூன்று வரை தலைமையாசிரியை பார்த்துக்கொள்கிறார். நான்கும் ஐந்தும் எனக்கு, ஒரே அறையில் 22 பிள்ளைகள்.

முதல் வாரம் திசைகள் பாடம். கரும்பலகையில் கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என்று எழுதினேன். முன்வரிசையில் ஒரு பெண் எழுந்து, "காத்து எங்கிட்டிருந்து வருதுன்னு சொல்லுங்க சார், அதான திசை" என்றாள். நான் பதில் சொல்லும் முன்பே வகுப்பு கத்த ஆரம்பித்துவிட்டது. வாடை, கொண்டல், சோழகம், கச்சான். எந்தக் காற்றுக்கு எந்த மீன் கரைக்கு வரும், எந்தக் காற்றுக்கு வள்ளம் இறக்க மாட்டார்கள் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். எனக்கு வாடை மட்டும்தான் தெரியும்.

அதே பெண்ணைப் பாடப்புத்தகத்தில் இரண்டு வரி வாசிக்கச் சொன்னால் ஒவ்வொரு எழுத்தாகத் தடவுகிறாள். மூன்றாம் சொல்லுக்கு வருவதற்குள் முதல் சொல் மறந்துவிடுகிறது. இவளைப்போல எட்டுப் பேர் இருக்கிறார்கள். மண்டு என்று யாரும் சொல்லிவிட முடியாத பிள்ளைகள்.

இன்னொன்று. விசைப்படகு திங்கள், புதன், சனி கடலுக்குப் போகிறது. மறுநாள் விடியலில் கரைக்கு வரும்போது வலையில் மீன் கழிக்கப் பையன்கள் போய்விடுவதால் செவ்வாயும் வியாழனும் பாதி வகுப்பு காலி. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அம்மாக்கள் பாசி எடுக்கத் தீவுப் பக்கம் போனால், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளப் பெண் பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள்.

கேட்க வந்தது இதுதான். ஆசிரியராக நான் படிக்கவேண்டிய புத்தகம் எது? பிள்ளைகள் கையில் கொடுக்க எது? இணையத்தில் உண்மையிலேயே பயன்படுவது எது? என் கையிலிருந்து 2,000 ரூபாய் செலவு செய்ய முடியும். பள்ளிக்குள் சிக்னல் கிடையாது, தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறினால் இரண்டு கோடு வரும். வாட்சப் குழுக்களில் இதுவரை முந்நூறு பிடிஎஃப் வந்திருக்கிறது. எதைத் திறப்பது என்றே தெரியவில்லை.

தொண்டி டீச்சரம்மா:

தம்பி, நான் 31 வருஷம் தொண்டி, தேவிபட்டினம் கரையோரப் பள்ளிகளில் இருந்து ஓய்வு பெற்றவள். அந்த முந்நூறையும் அப்படியே விட்டுவிடுங்கள். முதல் ஒரு மாதத்துக்கு இரண்டு புத்தகம் போதும்.

ஒன்று, கிஜுபாய் பதேக்காவின் 'பகல் கனவு'. குஜராத்தில் பாவ்நகரில் சின்னப் பிள்ளைகளோடு வேலை செய்தவர் அவர். கதையாக எழுதிய புத்தகம்தான், ஆனால் ஒரு ஆசிரியரின் நாட்குறிப்பு போலவே இருக்கும். ஒருவர் கல்வி அதிகாரியிடம் போய், ஒரு வருஷத்துக்கு நாலாம் வகுப்பைக் கொடுங்கள், செய்து காட்டுகிறேன் என்று கேட்டு வாங்குகிறார். முதல் நாள் அவர் யோசித்து வைத்திருந்த அமைதி விளையாட்டு எடுபடவில்லை, பிள்ளைகள் ஒரே கூச்சல். மறுநாள் கதை சொல்ல ஆரம்பிக்கிறார். கதையைப் பிடித்துக்கொண்டு புத்தகத்துக்கு, புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு வாசிப்புக்கு என்று வருஷம் முழுக்க நகர்கிறது. உங்களுக்கும் நாலாம் வகுப்பு என்பதால் சொல்கிறேன், அந்த முதல் நாளைத் திரும்பத் திரும்பப் படியுங்கள். நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடு, விலை குறைவு.

இரண்டாவது 'டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி'. இதுவும் அவர்கள் வெளியீடுதான். ஜப்பானில் 1981-இல் டெட்சுகோ குரோயாநாகி தன் பள்ளியைப் பற்றி எழுதியது. ஓடாத ரயில் பெட்டிகள்தான் அங்கே வகுப்பறை. எல்லாரும் அந்த ரயில் பெட்டியைத்தான் சொல்வார்கள். என்னைப் பிடித்துக்கொண்டது சாப்பாட்டு நேரம். பிள்ளைகள் எடுத்துவரும் சாப்பாட்டில் கடலிலிருந்து கொஞ்சம், மலையிலிருந்து கொஞ்சம் இருக்க வேண்டும் என்பார் தலைமையாசிரியர் கோபயாஷி. யாரிடம் எது இல்லையோ அதை அவர் மனைவி இரண்டு பாத்திரத்திலிருந்து பரிமாறுவார்.

இதை என் ஐந்தாம் வகுப்பில் வாசித்துக் காட்டினேன். நம் பிள்ளைகளுக்குக் கடலுக்குப் பஞ்சமா? வீட்டில் சூடைமீன், காரல், நண்டு, இல்லாவிட்டால் கருவாடு. மலைக்குத்தான் தடுமாறினார்கள். ஒரு பையன், "டீச்சர், மலைன்னா மண்ணுல விளையறது எல்லாமேதான? அப்ப முருங்கைக்கீரை மலை" என்றான். அன்றிலிருந்து சத்துணவில் கீரை விழுந்தால் "மலை வந்துருச்சு" என்பார்கள். தட்டில் ஒதுக்கிவைக்கிற பழக்கம் குறைந்தது. இப்படி ஒரு வரியைக் கொண்டுபோய் வகுப்பில் போட முடிகிற புத்தகத்தைத்தான் நான் ஆசிரியருக்கான புத்தகம் என்பேன்.

இனி உங்கள் காற்றுப் பெண்ணுக்கு வருகிறேன். அதற்கு முன் என் தப்பு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம், 'பசு' என்று கட்டுரை எழுதச் சொன்னேன். நாற்பது நோட்டில் பசுவுக்கு நான்கு கால்கள், இரண்டு கொம்புகள். ஒரு நோட்டில் மட்டும், "பசுவுக்குக் கால் கிடையாது. தண்ணிக்குள் புல் திங்கும். மூச்சு வாங்க மேலே வரும். குட்டிக்குப் பால் கொடுக்கும். அதைப் பிடிக்கக் கூடாது" என்று இருந்தது. சிவப்புப் பேனாவால் குறுக்கே கோடு போட்டுப் பூஜ்யம் வைத்தேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை, நோட்டை வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டான். அந்த மாதக் கடைசியில் கரையில் ஒரு கூட்டம். போய்ப் பார்த்தால் செத்து ஒதுங்கிய ஆவுளியா. பக்கத்தில் நின்ற கிழவர் ஒருவர், "கடல் பசும்மா இது" என்றார். அந்தப் பையன் எழுதியதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. மறுநாள் வகுப்பில் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டு மார்க்கைத் திருத்தினேன். ஆனால் அதற்குப் பிறகு அவன் தானாக எதையும் எழுதவில்லை, கேட்டதற்கு மட்டும் எழுதினான். இப்போது அவனுக்கு நாற்பது வயது நெருங்கும். 2022-இல் பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல் பசுவுக்கான காப்பகமாக அறிவித்த செய்தியைப் பேப்பரில் படித்தபோது அவன் ஞாபகம்தான் வந்தது.

பேராசிரியர் ச. மாடசாமியின் 'என் சிவப்பு பால்பாயிண்ட் பேனா' என்ற தலைப்பைப் பார்த்ததும் வாங்கியது இதனால்தான். அவருடைய 'எனக்குரிய இடம் எங்கே?' நூலையும் சேர்த்து வாங்குங்கள். இரண்டும் தமிழிலேயே எழுதியவை. நம் வகுப்பறை வாசனை இருக்கும்.

வாசிப்புக்கு எனக்கு வழி காட்டியது சில்வியா ஆஷ்டன்-வார்னர். நியூசிலாந்தில் மாவோரிப் பிள்ளைகளுக்குக் கற்பித்தவர். அவர் 1963-இல் எழுதிய 'டீச்சர்' என்ற புத்தகத்தை நான் ஆங்கிலத்தில் அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். அவர் முதலில் பாடப்புத்தகத்தைத் திறக்க மாட்டார். ஒவ்வொரு பிள்ளையையும் பக்கத்தில் கூப்பிட்டு, இன்றைக்கு உனக்கு என்ன சொல் வேண்டும் என்று கேட்பார். பிள்ளை சொல்வதைப் பெரிய அட்டையில் எழுதி அதன் கையில் கொடுத்துவிடுவார். அது அந்தப் பிள்ளையின் சொல். மறுநாள் அட்டைகளைக் கலந்து போட்டால் தன் சொல்லைத் தேடி எடுக்க வேண்டும். தனக்கு வேண்டிய சொல் ஒரே பார்வையில் மனதில் பதிந்துவிடும், வேண்டாத சொல் பத்து நாள் ஆனாலும் பதியாது என்பது அவர் கண்டது.

நம் ஊரில் நான் செய்த விதம் இது. பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பிள்ளை சொல்வதை, சொன்னபடியே எழுதுவேன். "கச்சான் அடிச்சா எங்கப்பா கடலுக்குப் போகாது." போகாது என்பதைப் போகமாட்டார் என்று திருத்தாதீர்கள், இப்போது வேண்டாம். அவள் சொன்ன வரி என்பதால் முதல் சொல்லைப் பிடித்ததும் மீதி தானே வரும். விரலால் தொட்டுத் தொட்டு நாலு தடவை வாசிக்கட்டும். பிறகு சொற்களைக் கத்தரித்துக் கலைத்துக் கொடுங்கள், அடுக்கட்டும். ஒரு வாரம் கழித்து அதே செய்தியைப் பாடப்புத்தக நடையில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அவளே சொல்வாள். எழுத்துத் தமிழ் அவளுக்குப் பிடிபடுகிற நேரம் அதுதான்.

இணையம் என்றால் ஸ்டோரிவீவர். பிரதம் புக்ஸ் 2015-இல் ஆரம்பித்த தளம், தமிழ்க் கதைகள் நிறைய. நிலை ஒன்றிலிருந்து நான்கு வரை பிரித்திருப்பார்கள். நிலை ஒன்றில் பக்கத்துக்குச் சில சொற்கள்தான், படம் பெரிது. உங்கள் எட்டுப் பேருக்கும் அதிலிருந்து ஆரம்பியுங்கள், ஐந்தாம் வகுப்பு என்று கூச்சப்பட வேண்டாம். டவுனில் இருக்கும்போது பதிவிறக்கி அச்செடுங்கள். எழுதியவர், வரைந்தவர் பெயரைக் குறிப்பிட்டால் கதையை மாற்றிக்கொள்ளவும் அனுமதி உண்டு. அதனால் படத்தை வைத்துக்கொண்டு வேறு கதை எழுத விடலாம். முப்பது கதை அச்செடுப்பதை விட ஆறு கதையை நாலு நாலு பிரதி எடுப்பது நல்லது. ஒரே கதை நாலு பேர் கையில் இருந்தால்தான் அதைப் பற்றிப் பேச்சு வரும்.

பரமக்குடி சாலை:

டீச்சர் சொல்றது எல்லாம் உண்மை. ஆனா நேரம் எங்க இருக்கு? அரசோட எண்ணும் எழுத்தும் திட்டத்துப் பயிற்சி நூல் முடிக்கணும், கற்றல் நிலைப்படி அரும்பு மொட்டு மலர்னு பிள்ளைங்களைப் பிரிச்சுப் பார்க்கணும், மதிப்பீட்டைச் செயலியில ஏத்தணும். ஈராசிரியர் பள்ளியில ஒருத்தர் கூட்டத்துக்குப் போயிட்டா அஞ்சு வகுப்பும் ஒருத்தர் தலையில. காலண்டர் தாள்ல எழுத எனக்கு ஆசைதான், என்னால மூணு நாளைக்கு மேல தொடர முடியல.

தொண்டி டீச்சரம்மா:

நீங்க சொல்வது சரி சார். எல்லாருக்கும் தினமும் எழுத முடியாது, நானும் செய்ததில்லை. ஒரு நாளைக்கு இரண்டே பிள்ளைகள். காலை வணக்கத்துக்கும் முதல் பாடத்துக்கும் நடுவில் பத்து நிமிஷம். எட்டுப் பேர் என்றால் வாரத்தில் ஒரு முறையாவது ஒவ்வொருவருக்கும் முறை வந்துவிடும். வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளையும் எழுத வைத்தேன், அக்கா எழுதத் தங்கை சொல்வதுபோல. அரும்பு நிலையில் இருக்கிற பிள்ளைக்கும் இது ஒத்துவரும். பயிற்சி நூலுக்கு இது எதிரி இல்லை. மூன்று நாளில் நின்றாலும் நாலாவது நாள் விட்ட இடத்திலிருந்து எடுங்கள்.

மண்டபம் தம்பிக்கு ஒன்று. செவ்வாய், வியாழனில் புதுப் பாடம் ஆரம்பிக்காதீர்கள். அன்றைக்குக் கதை, வாசிப்பு, மனக்கணக்கு என்று வையுங்கள். வராத பையனுக்குப் பாடம் விட்டுப்போன பயமில்லாமல் இருந்தால் புதன்கிழமை தைரியமாக வருவான்.

ஏர்வாடி அறிவியல்:

நான் நடுநிலைப் பள்ளி, ஆறு முதல் எட்டு. அறிவியலுக்கு மட்டும் சொல்றேன்.

அரவிந்த் குப்தா பெயரைக் கேள்விப்பட்டிருப்பீங்க. கான்பூர் ஐஐடியில் படிச்சுட்டு, தூக்கியெறியற பொருளில் அறிவியல் பொம்மை செய்யக் கத்துக்கொடுக்கிறவர். 2018-இல் பத்மஸ்ரீ. அவர் தளத்தில் புத்தகங்கள் இலவசம், செஞ்சு காட்டற சின்ன வீடியோக்களும் இருக்கு. பெரும்பாலும் பேச்சே தேவையில்லை, கையைப் பார்த்தாலே புரியும். சிக்னல் இருக்கிற இடத்தில் பத்து வீடியோ இறக்கி வெச்சுக்கோங்க.

நான் செஞ்சதில் நல்லா வந்தது உறிஞ்சுகுழல் மிதவை. குழலின் ஒரு முனையில் களிமண் அடைச்சுத் தண்ணியில் நிமிர்ந்து நிக்கிற மாதிரி விட்டு, தண்ணி மட்டத்தில் பேனாவால் கோடு. அப்புறம் கடல்தண்ணியில் விட்டா கோடு மேலே ஏறும். உப்பைக் கரைக்கக் கரைக்க இன்னும் ஏறும். அன்னைக்கு வாலிநோக்கம் பக்கத்துப் பையன் ஒருத்தன், "சார், இது எங்கப்பா உப்பளத்துல டிகிரி பார்க்குற கண்ணாடிக்குழாய்" அப்படின்னான். அதேதான்! கடல்தண்ணி அந்த அளவில் மூணு மூணரை டிகிரி, வெயிலில் வத்தி இருபத்தஞ்சுக்கு வரும்போது உப்பு பூக்க ஆரம்பிக்கும். மறுநாள் அவங்க அப்பா வேலை முடிஞ்சு பள்ளிக்கூடத்துக்கே குழாயைக் கொண்டுவந்து காட்டினார். அடர்த்தி பாடம் அன்னைக்கு அவர் எடுத்ததுதான். நான் பக்கத்தில் நின்னு கேட்டேன்.

இன்னொண்ணு பெட் (PhET) தளம். கொலராடோ பல்கலைக்கழகத்தோட இயங்கு மாதிரிகள், 2002-இல் ஆரம்பிச்சது. மிதத்தல், தராசு, மின்சுற்று எல்லாம் விரலால் இழுத்துப் பார்க்கலாம், பல மாதிரிகள் தமிழிலும் இருக்கு. இறக்கி வெச்சா இணையம் இல்லாமலே ஓடும். ஆனா கையால் செய்ய முடிஞ்சதைத் திரையில் காட்டாதீங்க. மின்சுற்றைப் போல, பொருள் வாங்கக் காசு இல்லாத இடத்துக்கு மட்டும் வெச்சுக்கோங்க.

பாடப்புத்தகத்துல இருக்கிற கியூஆர் கோடும் அப்படித்தான். முதல் நாள் ராத்திரியே திக்ஷா செயலியில் இறக்கிட்டுப் போங்க. பிள்ளைங்க கையில் கொடுக்க துளிர் மாத இதழுக்குச் சந்தா கட்டுங்க. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987-லிருந்து நடத்துது. உங்க அஞ்சாம் வகுப்புக்குப் பள்ளிக்கல்வித் துறையோட ஊஞ்சல் இதழ் பள்ளிக்கே வரணும். அலமாரிக்குள்ள பூட்டியிருந்தா எடுத்து வெளியில் போடுங்க. கிழிஞ்சா கிழியட்டும்.

கீழக்கரை நூலக வாசகி:

நான் டீச்சர் இல்லை, இரண்டு பிள்ளைகளின் உம்மா. ஒன்றே ஒன்று சொல்லிக்கொள்கிறேன். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் குழந்தைகள் கலைக்களஞ்சியம் இருக்கிறது. பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து 1968 முதல் 1976 வரை 10 தொகுதிகளாக வந்தது. தகவல் பழையதுதான், விண்வெளி, நாடுகள் பற்றியதை அப்படியே எடுக்க வேண்டாம். ஆனால் ஒரு விஷயத்தைச் சின்னப் பிள்ளைக்கு எத்தனை எளிதாகத் தமிழில் சொல்லலாம் என்று பார்க்க அதைவிட நல்லது எனக்குக் கிடைத்ததில்லை. ராத்திரி பிள்ளைகள் ஏதாவது கேட்டால் அதைத்தான் திறக்கிறேன்.

முகவையில் (ராமநாதபுரத்தில்) புத்தகத் திருவிழா நடக்கும்போது அந்த 2,000 ரூபாயோடு இரண்டு பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள் சார், அவர்களே தேர்ந்தெடுக்கட்டும்.

மண்டபம் பக்கத்து வாத்தியார்:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

'பகல் கனவு' இரண்டு முறை படித்தேன். 'டோட்டோ-சான்' தலைமையாசிரியை கையில் இருக்கிறது, திருப்பித் தருவதாகத் தெரியவில்லை. ஸ்டோரிவீவரில் ஆறு கதை, நான்கு நான்கு பிரதி, டவுனில் கறுப்பு வெள்ளையில் எடுத்தேன். பிள்ளைகளே வண்ணம் தீட்டிவிட்டார்கள். எட்டுப் பேரில் ஐந்து பேர் நிலை ஒன்றைத் தாங்களாக வாசிக்கிறார்கள். இரண்டு பேர் இன்னும் தடுமாறுகிறார்கள். ஒரு பையன் மூன்று வாரமாக வரவே இல்லை. அவன் அப்பாவைப் பார்க்க இரண்டு முறை போனேன், இரண்டு முறையும் அவர் கடலில்.

டீச்சரம்மா, காலண்டர் தாள் வேலை நடக்கிறது. ஒரு நாளைக்கு இரண்டு பேர், சில நாள் ஒருவர். சேர்ந்த தாள்களைத் தைத்துக் 'காத்துப் புத்தகம்' என்று அந்தப் பெண்ணே அட்டையில் எழுதியிருக்கிறாள். த்து எழுதுவதற்கு மூன்று முறை அழித்தாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை, வாசல் சுவரில் இருந்த 'பத்து' என்ற சொல்லைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதினாள்.

இப்போது அந்தப் புத்தகம் நாலாம் பக்கத்தில் நிற்கிறது. சோழகம் தெற்கிலிருந்து வரும் காற்று என்று அவள் எழுதினாள். தாய்வழி ஊர் வடகடல் பக்கம் உள்ள ஒரு பையன் ஒத்துக்கொள்ளவில்லை, அவன் தாத்தா வேறு திசை சொல்வாராம். ஆண் கடலில் (தெற்கே மன்னார் வளைகுடா) ஒன்று, பெண் கடலில் (வடக்கே பாக் விரிகுடா) ஒன்று என்று வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிட்டது. கேட்டுச் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, உங்கள் கரையில் வள்ளக்காரர் யாரிடமாவது கேட்டு எழுதுங்களேன். உங்கள் ஊரில் சோழகம் எந்தத் திசையிலிருந்து அடிக்கிறது, எந்த மாதம்? ஊர்ப் பெயரோடு சொன்னால் அப்படியே நாலாம் பக்கத்தில் எழுதிக்கொள்வதாகப் பிள்ளைகள் சொல்கிறார்கள்.